பருவமழையில் நெடுஞ்சாலைப் பயணம்: ஓட்டும் முறையும், வழியில் ஆபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவையும்

அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பர் இறுதி வரை நீளும் வடகிழக்குப் பருவமழை, தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழ பாதியைக் கொண்டுவந்து கொட்டுகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போவதும், கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை செல்வதும், மாலை போட்டுச் சபரிமலைக்குப் புறப்படுவதும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான் வருகின்றன. ஆண்டிலேயே சாலை மிக மோசமாக இருக்கும் காலத்தில், மிக நெடிய பயணங்களை, பெரும்பாலும் இரவில், குடும்பத்தோடு மேற்கொள்கிறோம் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

நான்குவழிச் சாலை வந்த பிறகு மழை ஒரு பொருட்டில்லை என்ற எண்ணம் பலரிடம் பரவியிருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை அடுத்து, விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றுபோனது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படிப்பட்ட மழைக்கு முன்னால் எந்தச் சாலையும், எந்த வண்டியும், எத்தனை ஆண்டு அனுபவமுள்ள ஓட்டுநரும் ஒன்றுதான். எனவே இக்கட்டுரையில் சொல்லப்படும் முறைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது, பயணத்தை எப்போது தள்ளிப்போடுவது, எந்த இடத்தில் வண்டியை நிறுத்துவது, எங்கிருந்து திரும்பிவிடுவது என்ற முடிவுகளே ஆகும். அம்முடிவை ஆபத்தின் நடுவில் நின்றுகொண்டு எடுக்க முடியாது. வீட்டிலேயே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.

புறப்படும் முன்

இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை விடுக்கிறது. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 6.5 சென்டிமீட்டருக்கு மேல். மிகக் கனமழை என்றால் 11.5 சென்டிமீட்டருக்கு மேல். அதிகனமழை என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல். புறப்படும் ஊருக்கு மட்டுமல்லாமல், வழியில் கடக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இந்த எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். மதுரையில் வானம் வெளுத்திருக்கும் அதே வேளையில் விழுப்புரத்தில் ஆறு கரை புரண்டுகொண்டிருக்கலாம். சிவப்பு எச்சரிக்கை உள்ள மாவட்டத்தின் வழியே பயணம் அமைந்தால், அதை ஒரு நாள் தள்ளிப்போடுவதே முறை. ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் பகலில் மட்டும் செல்லும்படி திட்டமிடலாம். இருட்டில் தண்ணீரின் ஆழமும் தெரியாது, சாலையின் விளிம்பும் தெரியாது.

வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது டயர். டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் குறுக்காக வார்க்கப்பட்டிருக்கும். கார் டயரில் அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்துவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் அதுவரை காத்திருப்பதுகூடத் தவறு. சாலையில் நிற்கும் நீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தாம். பள்ளம் குறையக் குறைய நீர் டயருக்கு அடியிலேயே தங்கிவிடும்.

அடுத்தது வைப்பர். கோடை முழுவதும் கத்திரி வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்த வைப்பரின் ரப்பர் ஐப்பசி மழைக்குள் விறைத்து வெடித்திருக்கும். சில நூறு ரூபாயில் மாற்றிவிடக்கூடிய இதனை, கண்ணாடியில் கோடு கோடாக நீர் இழுக்கும்போதும் மாற்றாமல் ஓட்டுபவர்கள் ஏராளம். இரண்டு முகப்பு விளக்குகள், பிரேக் விளக்குகள், பின்புறச் சிவப்பு விளக்குகள் ஆகியவை எரிகின்றனவா என்று மற்றொருவரை வண்டிக்குப் பின்னால் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதைப் பலரும் தேவைப்படும் நாளில்தான் அறிகிறார்கள்.

ஜாக்கி, வீல் ஸ்பேனர், சிவப்பு முக்கோணம், டார்ச், கயிறு, முதலுதவிப் பெட்டி, குடிநீர், பிஸ்கட், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், வீட்டில் யாராவது தினமும் மாத்திரை உட்கொள்பவராக இருந்தால் இரண்டு நாளுக்கு வேண்டிய மாத்திரை: இவை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். வெள்ளத்தால் சாலை அடைபட்டால் காத்திருப்பு மணிக்கணக்கில் நீளும்.

நனைந்த சாலையில்

மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம் மிகவும் வழுக்கலானது. பல நாள் சிந்திய எண்ணெயும் டீசலும் டயர்த் துகளும் புழுதியும் முதல் தூறலில் குழைந்து சாலையின் மேல் ஒரு படலமாகப் பரவுகின்றன. நல்ல மழை பெய்து அப்படலத்தைக் கழுவிச் செல்லும் வரை, தூறல்தானே என்று வேகத்தைக் குறைக்காமல் செல்வது பெருமழையில் செல்வதைவிட ஆபத்தாக முடியலாம்.

வேகத்தை ஏன் குறைக்க வேண்டும் என்பதைக் கணக்காகப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் வற்புறுத்த வேண்டியிருக்காது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. முன்னால் ஏதோ குறுக்கிடுவதைக் கண்டு கால் பிரேக்கை மிதிப்பதற்கே ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும். அதன் பிறகு, காய்ந்த சாலையில் நல்ல டயருள்ள கார் ஏறத்தாழ 36 மீட்டரில் நின்றுவிடும். நனைந்த சாலையில் அதுவே 60 மீட்டரைத் தாண்டும். வேகத்தை 60 கிலோமீட்டராகக் குறைத்தால் நனைந்த சாலையிலும் அத்தூரம் ஏறத்தாழ 35 மீட்டராகச் சுருங்குகிறது. அதாவது மழையில் 60இல் செல்பவருக்கு, வெயிலில் 80இல் செல்பவருக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்புதான் கிடைக்கிறது. முன்னே செல்லும் வண்டி ஒரு மின்கம்பத்தையோ மரத்தையோ கடந்ததும் நிதானமாக ஒன்று முதல் நான்கு வரை எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அதே இடத்தை அடைந்துவிட்டால் இடைவெளி போதாது.

சாலையில் நீர்ப்படலம் தடித்திருக்கும்போது வேகமாகச் சென்றால், டயர் தரையைத் தொடாமல் நீரின் மேலேயே மிதந்து வழுக்கத் தொடங்கும். ஸ்டியரிங் திடீரென்று எடையற்றதுபோல் லேசாகிவிடுவது இதன் அடையாளம். அப்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கைத் திருப்பவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வண்டி தானாக வேகம் இழந்து தரையைப் பற்றும் வரை பொறுத்திருக்க வேண்டும். நான்குவழிச் சாலையின் வளைவுகளில், சாலை ஒருபுறம் சாய்வாக அமைக்கப்பட்டிருப்பதால், நடுத்தடுப்பை ஒட்டி நீர் தேங்கி நிற்பதுண்டு. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அந்நீரில் இறங்கினால் வண்டி அந்தப் பக்கமாக வெடுக்கென்று இழுக்கும். முன்னே சென்ற வண்டியின் டயர்கள் நீரை விலக்கிப்போட்ட தடத்திலேயே செல்வது இதற்கு எளிய வழி.

பெருமழையில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டபடி ஓட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்பப்போகிறீர்களா, தடம் மாறப்போகிறீர்களா, நின்றுவிட்டீர்களா என்பது எதுவும் அதனால் தெரியாமல் போகிறது. ஓடும் வண்டிக்கு முகப்பு விளக்கைத் தாழ்ஒளியில் எரியவிட்டாலே போதும். பின்புறச் சிவப்பு விளக்கும் சேர்ந்து எரியும். நான்கு விளக்கும் சிமிட்டுவது நின்றுவிட்ட வண்டிக்கு உரிய அடையாளம். உள்ளே கண்ணாடியில் ஆவி படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டாம். ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடியை நோக்கித் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இருசக்கர வண்டியில் செல்பவர்களுக்குச் சில தனிச் சொற்கள். நனைந்த சாலையில் பாதாளச் சாக்கடை மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, சாலையில் பூசிய வெள்ளைக் கோடு, ரயில்வே கேட்டின் தண்டவாளம் ஆகியவற்றின் மீது செல்லும்போது வண்டியைச் சாய்க்காமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடக்க வேண்டும். தேங்கிய நீருக்குள் திறந்து கிடக்கும் சாக்கடைக்குழி கண்ணுக்குத் தெரியாது. பின்னால் அமர்ந்தவர் குடை பிடிப்பதை எக்காரணத்தாலும் அனுமதிக்காதீர்கள். ஒரு காற்று வீசினால் குடை பாய்மரமாகி, பிடித்திருப்பவரை இருக்கையிலிருந்து இழுத்துவிடும். மழைக்கு ஒதுங்குவோர் மேம்பாலத்தின் அடியில், சாலையின் மேலேயே கூட்டமாக நிற்பதையும் பார்க்கிறோம். மழைத்திரைக்குள்ளிருந்து வேகமாக வரும் ஓட்டுநருக்குப் பாலத்தின் நிழலில் நிற்பவர்களைக் கடைசி நொடியில்தான் தெரியும். சாலையை விட்டு முழுவதும் இறங்கி, கடை ஓரத்திலோ பெட்ரோல் பங்கிலோ நிற்பதே சரி.

தரைப்பாலமும் சுரங்கப்பாதையும்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மழைக்கால மரணங்களில் மிக எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடியவை இங்கேதான் நேர்கின்றன. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கியிருந்த மழைநீரில் கார் சிக்கி ஒரு பெண் உயிரிழந்தார். ஆற்றில் அடித்துச் செல்லப்பட்ட சம்பவம் அல்ல அது. ஊருக்குள் செல்லும் வழக்கமான பாதையில் தேங்கி நின்ற நீர்தான்.

ஒரு டன் எடையுள்ள காரை நீர் எப்படித் தூக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய கார் ஒன்று தரையில் ஏறத்தாழ 6 சதுர மீட்டர் இடத்தை அடைத்து நிற்கிறது. அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 17 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். நீர் அடிப்பகுதியைத் தொட்ட பிறகு ஏறும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் கார் ஏறத்தாழ 600 லிட்டர் நீரை விலக்குகிறது. அதாவது 600 கிலோ எடை கழிந்துபோகிறது. 900 கிலோ எடையுள்ள கார், அடிப்பகுதிக்கு மேல் 15 சென்டிமீட்டர் நீர் ஏறியதுமே மிதக்கத் தொடங்கிவிடும். மொத்த ஆழம் வெறும் 32 சென்டிமீட்டர், முழங்காலுக்கும் கீழே. உள்ளே நீர் கசிந்து இறங்குவதால் இக்கணக்கு சற்று மாறலாம். ஆனால் ஓடும் நீரில், முழுவதும் மிதப்பதற்கு முன்பே டயரின் பிடிப்பு போய்விடுவதால், அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே வண்டி பக்கவாட்டில் நகரத் தொடங்கும். பெரிய எஸ்யூவி வண்டிகளையும் இரண்டடி ஓடுநீர் தள்ளிக்கொண்டு போய்விடும்.

ஆகவே தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் ஆழம் எவ்வளவு என்று ஆராய வேண்டியதே இல்லை; திரும்பிவிட வேண்டும். நீருக்கடியில் பாலம் அப்படியே இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது கரையில் நிற்கும் யாருக்கும் தெரியாது. முன்னால் ஒரு லாரியோ பேருந்தோ கடந்துவிட்டது என்பது உங்கள் காருக்குச் சான்று ஆகாது. அவற்றின் எடையும் உயரமும் வேறு. ரயில்வே சுரங்கப்பாதையில் சுவரில் எழுதியிருக்கும் ஆழக்குறியீட்டைப் பாருங்கள். குறியீடு இல்லையென்றால், தேங்கிய நீரின் நடுவில் தரை தெரியவில்லையென்றால் இறங்காதீர்கள். பத்து கிலோமீட்டர் சுற்றிச் செல்வதற்கு அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சமதளச் சாலையில், அரைச் சக்கரத்துக்கும் குறைவாக, ஓட்டமில்லாமல் தேங்கிய நீரைக் கடக்க நேர்ந்தால் முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரைச் சீராக மிதித்தபடி, நடுவில் நிறுத்தாமலும் கியர் மாற்றாமலும் மெதுவாகச் செல்ல வேண்டும். எதிரே வரும் வண்டி கடந்து முடிக்கும் வரை காத்திருந்து இறங்குங்கள். அது எழுப்பும் அலை பானெட்டின் மேல் ஏறிவிடும். கடந்து வந்ததும் பிரேக்கை லேசாகச் சில முறை மிதித்து, நனைந்த பட்டைகளை உலர்த்திக்கொள்ளுங்கள்.

நீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றை உறிஞ்சும் குழாய் வழியே நீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்கும். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. சாவியைத் திருப்பிய அந்த ஒரு நொடியில் உள்ளிருக்கும் தண்டு வளைந்து எஞ்சினே பாழாகிவிடும். நீரில் நின்ற வண்டியைத் தெரிந்தே ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குச் சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் இழப்பீடு கிடைப்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்க்கும் பிரிவு இருக்கிறதா என்று பாலிசியை மழைக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

வண்டி மிதக்கவோ மூழ்கவோ தொடங்கிவிட்டால் போனை எடுக்க நேரமில்லை. சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள், ஜன்னலை இறக்குங்கள், குழந்தைகளை முதலில் வெளியே அனுப்புங்கள், பிறகு நீங்கள் வெளியேறுங்கள். இந்த வரிசையை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். கதவைத் திறக்க முயன்று நேரத்தை இழக்க வேண்டாம். ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் மேல் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், வெளியிலிருந்து 180 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். மின்விசை ஜன்னல்கள் நீர் ஏறிய சிறிது நேரம் வரை இயங்கும். அந்த நேரமே உங்களுக்குள்ள நேரம். ஜன்னல் இறங்காவிட்டால், இருக்கையின் தலைச்சாய்வைக் கழற்றி அதன் இரும்புக் கம்பியின் முனையால் பக்கக் கண்ணாடியின் மூலையில் ஓங்கிக் குத்துங்கள். முன்கண்ணாடி நடுவில் படலம் வைத்து ஒட்டப்பட்டது, எளிதில் உடையாது. வெளியே வந்த பிறகு நீந்த முடியாதவர்கள் வண்டியின் கூரைமேல் ஏறிக்கொண்டு உதவிக்குக் குரல் கொடுக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளத்தால் சாலை அடைபட்டு நிற்கும்போது, புகைபோக்கிக் குழாயை நீரோ சேறோ மூடியிருக்கும் நிலையில் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவது உயிரைப் பறிக்கும். வெளியேற வழியில்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காத்திருக்கும்போது எஞ்சினை அணைத்து, ஜன்னலைச் சிறிது இறக்கி வையுங்கள்.

மூடுபனியும் மலைப்பாதையும்

மார்கழி, தை மாதங்களில் விடியலுக்கு முன் கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையிலும், போகியன்று புகையும் பனியும் கலந்து சென்னையைச் சுற்றியுள்ள சாலைகளிலும் எதிரே இருப்பது தெரியாமல் போய்விடும். அப்போது உயர்ஒளி விளக்கைப் போட்டால் பனித்துளிகள் அந்த ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அடித்து, எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்ததுபோல் ஆகிவிடும். தாழ்ஒளியும், பனிவிளக்கு இருந்தால் அதுவுமே போதும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்திவிட முடிகிற வேகமே அன்றைக்குரிய வேகம். 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடாது.

முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம் என்று தோன்றும். பல ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்தைத் தாண்டி ஒரு விடியற்காலையில் நானும் அப்படித்தான் ஒரு லாரியின் பின்விளக்கைத் தொடர்ந்தேன். அந்த லாரி ஓய்வெடுக்கச் சாலையை விட்டு மண்ணில் இறங்கியபோது நானும் அதன் பின்னாலேயே இறங்கி, அது நின்ற இடத்திலிருந்து ஒரு கை அகலத்தில் நின்றேன். அன்று முதல் சாலையின் இடதுபுற ஓரக் கோட்டைத்தான் பார்த்து ஓட்டுகிறேன். எதுவுமே தெரியாத அளவுக்குப் பனி மூடினால் சாலை ஓரத்தில் நிற்பதும் ஆபத்து. அடுத்த சுங்கச்சாவடி, பெட்ரோல் பங்க், உணவகம் வரை ஊர்ந்து சென்று உள்ளே நுழைந்து நிற்க வேண்டும்.

மலைப்பாதையில் மழை என்றால், இறக்கமே கவனிக்க வேண்டியது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் நெடுநாள் வழக்கம். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவது தற்கொலைக்கு ஒப்பானது. மசினகுடிக்கும் ஊட்டிக்கும் இடையே 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் வெளியூர் வண்டிகள் ஏறலாம், இறங்கக் கூடாது என்று தடை இருப்பது இதனால்தான். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலும் உள்ளது. மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலை போன்ற இடங்களில் சரிவிலிருந்து சிறு கற்கள் உருண்டு வந்தாலோ, ஓடை திடீரென்று சிவந்து கலங்கினாலோ, மரங்கள் சாய்ந்து நின்றாலோ மண் சரியப்போகிறது என்று எண்ணி அந்த இடத்தை விட்டு உடனே விலக வேண்டும். சரிவின் அடியில் நிறுத்திப் படம் பிடிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

காற்றும் மின்கம்பியும்

புயல் காற்றில் உயரமான வண்டிகளும் இருசக்கர வண்டிகளும்தான் அதிகம் தடுமாறும். பாலத்தின் மேலும், ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்ப் பகுதிகளிலும் காற்று பக்கவாட்டில் வெட்டி அடிக்கும். லாரியை முந்தும்போது சில நொடி காற்று மறைபட்டு, முந்தி முடித்ததும் மீண்டும் அறையும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். இடி மின்னலின்போது காருக்குள் இருப்பது பாதுகாப்பு. உலோகக் கூடு மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்திவிடும். புளியமரத்தடியில் ஒதுங்குவது இடிக்கும் கிளைக்கும் சேர்த்து இடம் கொடுப்பதாகும்.

அறுந்த மின்கம்பி வண்டியின் மேல் விழுந்துவிட்டால் உள்ளேயே இருங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்கோ 112க்கோ அழையுங்கள்; அருகில் வருபவர்களைக் குரல் கொடுத்துத் தடுத்து நிறுத்துங்கள். வண்டி தீப்பிடித்தால் மட்டுமே வெளியேற வேண்டும். அப்போதும் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து பத்து மீட்டராவது விலக வேண்டும். காலை அகல வைத்தால் இரண்டு பாதங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டு உடல் வழியே மின்சாரம் பாயும்.

வழியில் வண்டி நின்றுவிட்டால்

நெடுஞ்சாலையில் பழுதான வண்டியால் நேரும் உயிரிழப்புகளில் பல, பழுதால் நேர்ந்தவை அல்ல. நின்ற வண்டியின் மேல் பின்னால் வந்த வண்டி மோதியதால் நேர்ந்தவை. ஆகவே வண்டியில் என்ன கோளாறு என்று பார்ப்பது இரண்டாவது வேலை. ஓட்டம் மிச்சமிருக்கும்போதே இடப்பக்கம் ஒதுக்கி, இயன்றால் தார்ச்சாலையை விட்டு முழுவதும் இறக்கி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, இடதுபுறக் கதவு வழியாக எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் செல்ல வேண்டும். மழை பெய்கிறதென்று குழந்தைகளையும் முதியவர்களையும் உள்ளேயே உட்காரவைப்பது இயல்பான அக்கறைதான்; ஆனால் சாலையோரம் நிற்கும் வண்டிக்குள் இருப்பதைவிட நனைவது மேல். வண்டிக்குப் பின்னால், சாதாரணச் சாலையில் 50 மீட்டரிலும் நான்குவழிச் சாலையில் 100 மீட்டரிலும் சிவப்பு முக்கோணத்தை வையுங்கள். வைக்கப் போகும்போது வரும் வண்டிகளை நோக்கியபடி, தார் விளிம்புக்கு வெளியே நடந்து செல்லுங்கள்.

முக்கோணம் இல்லாதவர்கள் கல்லையும் ஒடித்த மரக்கிளையையும் அடுக்கி வைப்பது நம் ஊர் வழக்கம். கிளை தவறில்லை, கல் ஒருபோதும் வேண்டாம். வண்டியைச் சரிசெய்து கிளம்பும்போது அதை அப்படியே விட்டுச் செல்பவர்களால், அதே இரவில் அவ்வழியே வரும் இருசக்கர வண்டிக்காரர் உயிர் போகிறது. வைத்தவரே எடுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண். ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு அவர்களே ஏற்பாடு செய்வார்கள். எங்கே நிற்கிறீர்கள் என்பதைச் சொல்ல அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் பக்கம், கடைசியாகக் கடந்த சுங்கச்சாவடி ஆகிய மூன்றும் போதும். உச்சியில் மஞ்சள் பூசிய கல் தேசிய நெடுஞ்சாலைக்கும், பச்சை பூசிய கல் மாநில நெடுஞ்சாலைக்கும் உரியது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

டயர் வெடித்தால் முதல் உந்துதல் பிரேக்கை மிதிப்பதாகவே இருக்கும். அதுவே வண்டியைக் கவிழ்க்கும். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, வேகம் தணிந்த பிறகு ஓரம் கட்ட வேண்டும். சாலைப் பக்கமுள்ள வலதுபுற டயர் என்றால் அங்கேயே குனிந்து மாற்ற முற்படாதீர்கள். காற்றில்லாத டயரிலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு அகலமான இடத்துக்குப் போய்விடுங்கள். டயரும் ரிம்மும் வீணாகலாம், வீணாகட்டும். மாற்றும்போது ஜாக்கி போடுவதற்கு முன்பே நட்டுகளைச் சிறிது தளர்த்திவிட வேண்டும். மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். மழையில் இளகிய மண்ணில் ஜாக்கி புதைந்துவிடும் என்பதால் அதன் அடியில் ஒரு பலகையை வையுங்கள். எஞ்சின் கொதித்து ஆவி பறந்தால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். கருகும் வாடையோ புகையோ வந்தால் எஞ்சினை அணைத்து எல்லோரையும் இறக்கி விலகிப் போங்கள். பானெட்டை அகலத் திறந்தால் காற்று புகுந்து தீ எழும்பும்.

அடிபட்டவருக்கு உதவும்போது

உங்கள் கண்முன் ஒரு விபத்து நேர்ந்தால் நின்று உதவத் தயங்க வேண்டாம். போலீஸ், வழக்கு, சாட்சி என்று அலைய நேரும் என்ற அச்சம் ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் தம் பெயரையும் முகவரியையும் சொல்லக் கட்டாயமில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில், நிர்ணயித்த வரம்பு வரை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. பணத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியால் மருத்துவமனை வாசலில் நேரம் கழியக் கூடாது என்பதற்காகவே அது வந்தது.

முதலில் உங்கள் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தி, இன்னொரு விபத்து நேராதபடி பின்னால் ஒருவரை எச்சரிக்க நிறுத்துங்கள். 108ஐ அழைத்து இடத்தையும், அடிபட்டோர் எண்ணிக்கையையும், யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்பதையும் சொல்லுங்கள். அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவது, முதுகெலும்பு முறிந்திருந்தால் வாழ்நாள் முழுதும் எழ முடியாதபடி செய்துவிடும். தீ, வெள்ளம் போன்ற ஆபத்து சூழ்ந்தாலன்றி அசைக்க வேண்டாம். மூச்சு விடத் தடையில்லாதவரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். இரத்தம் பீறிடும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள். தண்ணீரோ சோடாவோ புகட்டாதீர்கள். மயங்கியவருக்கு அது மூச்சுக்குழலுக்குள் போகும், அறுவைச் சிகிச்சைக்கும் இடையூறாகும். வாந்தி எடுத்தால் தலையையும் முதுகையும் ஒரே கோட்டில் வைத்தபடி இருவர் சேர்ந்து ஒருக்களித்துத் திருப்புங்கள்.

நனைந்து குளிரில் நடுங்குபவரை ஒரு போர்வையாலோ துண்டாலோ போர்த்தி, பெயரைக் கேட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கூட்டம் கூடினால் காற்று வர வழிவிட்டு, ஒருவரைச் சாலைக்கு அனுப்பி ஆம்புலன்ஸுக்குக் கை காட்டச் சொல்லுங்கள். அது வந்து சேர்ந்ததும் விபத்து நடந்த நேரம், அடிபட்டவர் எப்போது வரை பேசினார், எந்த இடத்தில் வலிக்கிறது என்றார், எவ்வளவு இரத்தம் போனது என்பவற்றை அதில் வரும் மருத்துவ உதவியாளரிடம் சொல்லி, அவருடைய போனையும் பையையும் அவரோடேயே அனுப்பிவையுங்கள்.